நீலம் மாறாத மண்ணெண்ணெய்

அன்பு மகன் அருளுக்கு,

போன செவ்வாய்க்கிழமை நீ போன் செய்து ஒரு சின்னக் கேள்வி கேட்டாய். பொம்மனஹள்ளியில் கல்யாணமான கையோடு நீயும் ஷாலினியும் குடிபோயிருக்கும் வீட்டின் பின்பக்கத்தில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பதாகவும், பாகங்களைக் கழுவ நீயே ஒரு தொட்டி செய்துவிட்டதாகவும் சொன்னாய். ஓட்டலில் கழித்துப் போட்ட ஸ்டீல் சிங்க், அதற்கு அடியில் ஒரு டிரம், டிரம்மில் இருப்பதை மேலே இழுத்துக் கொட்ட ஒரு சின்ன பம்ப். கேட்கவே எனக்குக் கை பரபரத்தது. "எல்லாம் ரெடிப்பா. உள்ள என்ன ஊத்துறதுன்னுதான் தெரியல. சீப்பாவும் இருக்கணும். பெட்ரோல் ஊத்திடட்டா? பங்க் தெரு முனையிலேயே இருக்கு. இல்லன்னா நீங்க அப்ப ஊத்துவீங்களே, பாதிக்குப் பாதி, அதையே கலந்துக்கட்டா?" என்றாய். நான் "அப்புறம் சொல்றேன்" என்று ரிசீவரை அம்மா கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். அப்பாவுக்கு மறந்துபோய்விட்டது போல என்று நினைத்திருப்பாய். பகலில் ஃபேக்டரியிலும் மிச்ச நேரத்தில் லிங்கராஜபுரம் வீட்டுக் கொட்டகையிலுமாக முப்பது வருஷம் கிரீஸோடு குடும்பம் நடத்தியவனுக்கு இது தெரியாத சங்கதியா?

தெரியும். ஆனால் அந்தப் "பாதிக்குப் பாதி"யைக் கேட்டதும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஏன் என்று இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன். எனக்கு இதில் இரண்டு காரியம் ஆகவேண்டும். ஒன்று, உன் வீட்டில் தீப்பிடிக்கக் கூடாது. இரண்டாவது, உன் அம்மா பன்னிரண்டு வருஷமாகச் சுமக்கும் ஒரு பழி இறங்க வேண்டும். முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பசியோடு வந்தவனை உட்காரவைத்துக் கதை சொல்லக் கூடாது.

பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அது நன்றாகக் கழுவும், சீக்கிரம் உலரும், பங்க்கில் கேட்டவுடன் கிடைக்கும். "பையன் தங்கமானவன், குடித்தால் மட்டும்தான் அடிப்பான்" என்று மாப்பிள்ளைக்குச் சிபாரிசு சொல்வார்களே, அந்த மாதிரி நல்ல குணம் அது. பெட்ரோலில் தீப்பிடிப்பது அதன் ஆவி. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து போகும். நீ பின்பக்கம் உட்கார்ந்து பாட்டுக் கேட்டபடி கழுவிக்கொண்டிருப்பாய். அது கதவு இடுக்கு வழியாகச் சமையல்கட்டுக்குப் போய், ஷாலினி அடுப்பைப் பற்றவைக்கும் வரைக்கும் காத்திருக்கும். அவள் வரைக்கும் போகக்கூட வேண்டாம், உன் பம்ப் மோட்டாரில் ஒரு பொறி போதும். பெயிண்ட் கடையில் விற்கிற தின்னரும் அதே ரகம்தான். விலை குறைவு, வாசனை நன்றாக இருக்கிறது என்றெல்லாம் கடைக்காரர் சொன்னால், உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வா.

தீயே பிடிக்காத திரவம் இருக்கிறது என்று உன் கம்பெனியில் யாராவது டிரைக்ளோ கொண்டுவந்து நீட்டுவார்கள். வாங்காதே. எங்கள் டிபார்ட்மெண்டில் அதற்கென்று ஒரு பள்ளமான தொட்டி இருந்தது. உள்ளே விழுந்த வாஷர் ஒன்றை எடுக்கக் குனிந்த ஃபிட்டர் ஒருவர் அப்படியே கிறங்கிச் சாய்ந்தார். நாலு பேர் தூக்கி வெளியே போட்டோம், பிழைத்துக்கொண்டார். தீப்பிடிக்காதது எல்லாம் நல்லது என்று நினைக்காதே. டீசலில் அவ்வளவு பயமில்லை, ஆனால் பிசுக்கு நிற்கும், நாற்றம் மூன்று நாளைக்குக் கையை விட்டுப் போகாது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவனுக்கு அது நல்லதல்ல.

காஸ்டிக் சோடாவை நான் ஒருமுறை நம்பினேன். நீ சின்னப் பையன், உனக்கு ஞாபகம் இருக்காது. பக்கத்துத் தெரு டீச்சரம்மாவின் ஸ்கூட்டர் கார்புரேட்டரை காஸ்டிக் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பக்கெட் பொங்கி நுரைத்துக்கொண்டிருந்தது. அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எடுத்துப் பார்த்தால் கறுத்துச் சொரசொரத்துப் போயிருந்தது. டீச்சரம்மாவுக்கு வேறு வாங்கிப் போட்டேன். உன் அம்மா ஒரு வாரத்துக்கு, நான் கொட்டகைக்குப் போகும்போதெல்லாம், "என்னங்க, வெந்துடுச்சா, இல்ல இன்னொரு கொதி வரணுமா? உப்பு பாத்தீங்களா?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினாள். அப்போதெல்லாம் அவள் அப்படித்தான், வாயைத் திறந்தால் யாரையாவது வாரிவிடாமல் மூடமாட்டாள்.

ஆகவே என் தீர்ப்பு இது. தொட்டியில் தண்ணீர் ஊற்று. சிரிக்காதே. நல்ல வெந்நீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு. இல்லையென்றால் வண்டிச் சாமான் கடைகளில் தண்ணீரில் கலக்கிற கிரீஸ் சோப்பு கிடைக்கிறது, அலுமினியத்துக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்கு. உன் பம்ப் அதற்கு மட்டும்தான். எரிகிற எதையும் அதன் வழியாக ஓட்டாதே. முக்கால்வாசி அழுக்கு அதிலேயே போய்விடும். கழுவிய கையோடு துடைத்து வெயிலில் வைத்து, இரும்புப் பாகங்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிடு, இல்லாவிட்டால் மறுநாளே துரு ஏறும். அதற்கும் மசியாத கறைக்கு மட்டும் பெயிண்ட் கடையில் மினரல் டர்பன்டைன் வாங்கிக்கொள். மூடியுள்ள தகர டப்பாவில் ஒரு டம்ளர் அளவு, ஒரு பழைய பிரஷ், திறந்த வெளி, அவ்வளவு போதும். அதுவும் எரியும், மறந்துவிடாதே. பெட்ரோலைப் போலப் பாய்ந்து வந்து பிடிக்காது, அதுதான் வித்தியாசம். தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொள். நனைந்த துணிகளை மூடி போட்ட டப்பாவில் போடு. அழுக்கு டர்பன்டைனைச் சாக்கடையில் கொட்டாதே, பழைய ஆயில் எடுக்க வருகிறவரிடம் கேட்டுக் கொடு. கடைசியாக ஒன்று. எந்தத் திரவத்தையும் அது வந்த டப்பாவை விட்டு வேறு டப்பாவுக்கு மாற்றாதே, முக்கியமாகச் சமையல்கட்டுக்குள் போகிற எந்தப் பாத்திரத்துக்கும் மாற்றாதே. இந்த வரியை எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

உன் கல்யாணத்துக்கு மறுநாள் நம் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா பரிமாறும்போது ஷாலினி அவள் வலது கையைப் பார்த்தாள், ஒட்டிப்போன இரண்டு விரல்களைப் பார்த்தாள், கேட்கத் தயங்கினாள். நீ அதைக் கவனித்துவிட்டாய். "அது ஒண்ணும் இல்ல ஷாலு. எங்கம்மா எரியிற ஸ்டவ்ல எண்ணெ ஊத்தின வீராங்கனை. அதான் இந்த வீட்ல தீப்பெட்டி அப்பா டிபார்ட்மெண்டு. நீ பாட்டுக்கு அவங்க கையில குடுத்துடாத" என்றாய். மொத்தப் பந்தியும் சிரித்தது. நீ பாசத்தில்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். நம் வீட்டில் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்த கதைதான். அம்மா சாம்பார் வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு, "ஆமாம்மா, எனக்குக் கொஞ்சம் கவனம் பத்தாது" என்றாள். வீட்டுக்கு வந்த மருமகளிடம் அவள் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அந்தக் கதை பொய், அருள். அந்தப் பொய்யைக் கட்டியவன் நான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். மண்ணெண்ணெயில் கழுவினால் பாகத்தின் மேல் ஒரு பிசுக்குப் படலம் நிற்கும், பெட்ரோலுக்கோ செலவு அதிகம். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாகவும் கழுவும், சீக்கிரமாகவும் உலரும் என்று கண்டுபிடித்ததில் எனக்கு ஒரே பெருமை. தெரிந்த மெக்கானிக்குகளுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தேன், என்னவோ மருந்து கண்டுபிடித்தவன் மாதிரி. நம் வீட்டில் கியர் ஆயில் வந்த வெள்ளை கேன்கள் இரண்டு இருந்தன, இரண்டும் ஒரே அச்சு. ஒன்றில் சமையலுக்கு ரேஷன் மண்ணெண்ணெய். இன்னொன்றில் என் கலவை. கலவைக் கேனின் கழுத்தில் சிவப்பு ஒயர் கட்டியிருப்பேன். அம்மாவுக்கு அது தெரியும். ஒயர் கட்டிய கேனை அவள் தொடவே மாட்டாள்.

அன்று சனிக்கிழமை. ஒருவர் மத்தியானத்துக்குள் தன் ஸ்கூட்டர் வேண்டும் என்று தலைமேல் நின்றார். கலவைக் கேன் காலி. நான் அவசரத்தில் சமையல் கேனைக் கொட்டகைக்கு எடுத்துவந்து, அதில் பாதிக்கு இருந்த மண்ணெண்ணெயின் மேலேயே பெட்ரோலை ஊற்றிவிட்டேன். வேலை முடிந்ததும் ஒயரை இதற்கு மாற்றிக் கட்டிக்கொள்ளலாம், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் கலந்திருக்கும் இல்லையா, பெட்ரோல் சேர்ந்த பிறகும் அந்த நீலம் மாறவில்லை, கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். ஸ்கூட்டரை முடித்து ஓட்டிப் பார்க்க ஒரு சுற்றுப் போனேன். போன இடத்தில் தெரிந்தவர்கள், டீ, பேச்சு. அதற்குள் அம்மா கொட்டகைக்கு வந்து, சமையல் கேன் அங்கே இருப்பதைப் பார்த்து எடுத்துப் போயிருக்கிறாள். கழுத்தில் ஒயர் இல்லை. உள்ளே நீலம். வாசனையில் தெரிந்திருக்காதா என்று நீ கேட்பாய். அந்தக் கொட்டகையிலும் என் சட்டையிலும் எந்நேரமும் பெட்ரோல் வாசனைதான், அவள் மூக்குக்கு அது பழகிப்போயிருந்தது. அணைத்து ஆறவைத்த திரி ஸ்டவ்வில் ஊற்றி, மூடியைத் திருகி, தீக்குச்சியைக் கிழித்தாள். உன் அம்மா அன்றைக்கு ஒரு தப்பும் செய்யவில்லை.

நான் திரும்பும்போது வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் கம்பளியைப் போர்த்தித் தீயை அணைத்திருந்தார். முழங்கை வரைக்கும் கையும், கழுத்தின் ஒரு பக்கமும் வெந்திருந்தன. ஆட்டோவில் என் மடியில் கிடந்தபடி, "புள்ள ஸ்கூல் விட்டு வந்துடுவான், வாசக்கதவு சாவி யாருகிட்டயாவது குடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் போலீஸ்காரர் வந்தார். ஸ்டவ் வெடித்தது என்று ஒரு பெண் வந்தால் முதலில் புருஷனைத்தான் விசாரிப்பார்கள், அது நியாயமும்கூட. "ஹேகாயித்து? ஹேளி" என்று கன்னடத்தில் கேட்டார், எப்படி நடந்தது, சொல்லுங்கள் என்று. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஓடிவந்த உன் அந்தோணி மாமா சுவரில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தார். தங்கையைக் கொடுத்தவரின் பார்வை அது, அதில் சந்தேகம் இருந்தது. பெட்ரோலை ஊற்றியது நான்தான் என்று சொன்னால், தெரிந்து ஊற்றினானா தெரியாமல் ஊற்றினானா என்று யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? வேலை போகும், உள்ளே போடுவார்கள், ஊர் முழுக்கப் பெண்டாட்டியைக் கொளுத்தியவன் என்று பேசும். பயம், அருள். வெறும் பயம். "எரியும்போதே எண்ணெயை ஊற்றிவிட்டாள் போல சார், அவளுக்கு எதிலும் அவசரம்" என்று கன்னடத்தில் சொன்னேன். அந்த இரண்டாவது பாதியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பொய் தனியாக நிற்காதே என்று அதற்கு முட்டுக்கொடுக்க நானாகச் சேர்த்தேன். உன் அம்மா வாழ்க்கையில் எதையும் அவசரப்பட்டுச் செய்து நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய், கேனில் மிச்சம் இருந்ததைக் கொட்டகைக்குப் பின்னால் மண்ணில் கொட்டினேன்.

மூன்றாம் நாள் அவளுக்கு நன்றாகப் பேச்சு வந்தது. கண்ணைத் திறந்ததும் என்னிடம் கேட்டது இது: "நான் அணைச்சு ஆறவெச்சுட்டுத்தானே ஊத்தினேன்? குச்சி கிழிச்சப்பதானே குப்புனு வந்துச்சு?" நான் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னேன், "இல்லம்மா, திரி எரிஞ்சிட்டிருந்திருக்கும். நீ பாக்கல." நான் சொல்லிக் கேட்டதை வைத்து நர்ஸும் அதையே சொன்னார். அந்தோணி மாமாவும் அதையே சொன்னார். நாலு பேர் ஒரே மாதிரி சொன்னால் நம் கண்ணைவிட அவர்கள் வாய்தான் பெரிதாகிவிடுகிறது. ஒரு வாரம் கழித்துப் போலீஸ்காரர் எழுதிக்கொள்ள வந்தபோது அவளே சொன்னாள், "நான்தான் பாக்காம ஊத்திட்டேன். அவர் மேல ஒரு தப்பும் இல்லீங்க." நான் கட்டில் பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அவனைவிடப் பெரிய கெட்டிக்காரன் போலிருக்கிறது, பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். கிறிஸ்துமஸ் வந்தால் அவள் கல்கல், ரோஸ் குக்கி என்று எண்ணெய்ப் பலகாரம் போட்டுத் தெரு முழுக்க விற்பாளே, அந்த வருஷத்தோடு அதை விட்டாள். கை வலி என்று நீங்கள் நினைத்தீர்கள். "கொதிக்கிற எண்ணெ முன்னாடி என்னை நம்பி என்னால நிக்க முடியாதுங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். கேஸ் வந்த பிறகும் அவளாக அடுப்பைப் பற்றவைத்ததில்லை. காலையில் எழுந்து நான் பற்றவைத்துக் கொடுப்பேன். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் தங்கள் புருஷன்களிடம் என்னைக் காட்டி, "கட்டினா இந்த மாதிரி ஆளைக் கட்டணும்" என்று சொன்னார்கள். எல்லாப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் குழந்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னால்கூட, "அவர் வந்துடட்டும், நான் கவனக்கொறச்சல்" என்பாள். என்னைக் கிண்டல் செய்வதும் மெதுவாக நின்றுபோனது. தப்புச் செய்தவள் அடுத்தவரைக் கேலி பேசலாமா என்று நினைத்துவிட்டாள் போல.

நான் சும்மா இருந்துவிடவில்லை, மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். முழுதும் கேட்ட சாமியார், "இதை இங்க வந்து சொல்லிட்டா ஆச்சா? வீட்ல போய் அந்தம்மாகிட்ட சொல்லு. அதுதான் உனக்குப் பிராயச்சித்தம்" என்றார். அதற்கு அப்புறம் நான் அவர் இருக்கிற பக்கமே போகவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் இங்கிலீஷ் பூசைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே என்னைத் தெரியாத ஒரு சாமியாரிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், ஒரு பொய் சொல்லிவிட்டேன் ஃபாதர் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, பத்து 'அருள் நிறைந்த மரியே' செபம் தண்டனையாக வாங்கிக்கொண்டு, லேசான மனசோடு வீட்டுக்கு வந்தேன். "அப்பா துரையாயிட்டாரு, அவருக்குத் தமிழ்ப் பூசை புடிக்கல" என்று நீயும் உன் சிநேகிதர்களும் கேலி செய்தீர்கள். தமிழ்ப் பூசை பிடிக்காமல் இல்லை. தமிழில் கேட்டால் எனக்குப் புரிந்துவிடும் என்பதுதான் விஷயம்.

போன செவ்வாய்க்கிழமை உன் போனுக்குப் பிறகு, வாசலில் நின்றது போதும் என்று உள்ளே போனேன். நீயும் ஒரு கேனில் அதே பாதிக்குப் பாதியைக் கலந்து வைத்து, ஷாலினி அதை எடுத்து, நீயும் என்னைப் போல ஒரு வராண்டாவில் நின்று... அதற்கு மேல் என்னால் நினைக்க முடியவில்லை. அம்மா கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேன், ஒயர், போலீஸ்காரர், மண்ணில் கொட்டியது, ஒன்றையும் விடவில்லை. கத்துவாள், அழுவாள், அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

அவள் கையில் இருந்த துண்டை மடித்து வைத்தாள். பிறகு அந்தக் கையாலேயே என் கன்னத்தைத் தொட்டாள். "எதுக்குங்க இப்படியெல்லாம் பேசுறீங்க? அன்னிக்குப் புள்ள பந்தியில சொன்னது எனக்கு வருத்தமா இருக்கும்னுதானே? அதெல்லாம் நான் மனசுல வெச்சுக்கல. என்னைத் தேத்துறதுக்காக, செய்யாத தப்பைத் தூக்கி உங்க தலையில போட்டுக்காதீங்க" என்றாள். சத்தியம் செய்தேன். "பைத்தியம் மாதிரி சத்தியம் பண்ணாதீங்க" என்று கோபித்துக்கொண்டாள். மறுநாள் பக்கத்து வீட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கி, வாசலில் ஒரு சாஸரில் ஊற்றி, எரிகிற குச்சியை அதில் போட்டுக் காட்டினேன். குச்சி அணைந்துவிட்டது. நீ இதைச் செய்து பார்க்காதே, நானே செய்திருக்கக் கூடாது. "பாத்தியா, மண்ணெண்ணெ அப்படிக் குப்புனு பிடிக்காது. உள்ள பெட்ரோல் இருந்தாத்தான் பிடிக்கும்" என்றேன். "இது இன்னிக்கி மண்ணெண்ணெ. அது அன்னிக்கி மண்ணெண்ணெ" என்றாள். அப்புறம் அவள் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. திரி செவப்பா எரிஞ்சிட்டிருந்துச்சு. நான்தான் பாத்தும் பாக்காம ஊத்தினேன்."

அவளுக்கு எரியாத திரி எரிந்ததாக ஞாபகம் இருக்கிறது, மகனே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெற்றியைத் தடவிக்கொண்டே நான் சொன்னது அவள் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து நான் உண்மையைச் சொன்னால், அது அவளுக்கு நல்ல புருஷன் சொல்லும் பொய்யாகக் கேட்கிறது. உனக்குக் கல்யாணத்தன்று நான் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை என்று உன் அந்தோணி மாமா குறைப்பட்டார். இப்போது சொல்கிறேன். உன் கையால் ஒரு தப்பு நடந்தால் அன்றைக்கே ஷாலினியிடம் சொல்லிவிடு. அவள் திட்டுவாள், நாலு நாள் பேசமாட்டாள், பரவாயில்லை. தள்ளிப்போட்டால் பிறகு நீயே போய்ச் சொன்னாலும் எடுபடாது.

மாமாவிடம் நான் நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன், அது என் பாடு. நீ செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஷாலினியோடு வீட்டுக்கு வா. நீ படித்த பிள்ளை, மெஷின் தெரிந்தவன், நீ சொன்னால் அவள் கேட்பாள். மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் என்ன வித்தியாசம், இரண்டும் கலந்தால் அது எப்படிப் பிடிக்கும் என்று பொறுமையாகச் சொல்லு. பந்தியில் அந்தக் கதையைக் கேட்ட ஷாலினி இதையும் கூட இருந்து கேட்கட்டும். பிறகு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேள். நான் கேட்கக் கூடாது. என் வாய் ஒருமுறை அவளுக்கு ஒரு ஞாபகத்தைப் போட்டுக்கொடுத்தது, இன்னொன்றையும் போடக் கூடாது. அவளாகவே தேடி எடுக்கட்டும். கேட்டுவிட்டு நீ அவசரப்பட்டு எதுவும் பேசாதே, அவள் யோசித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திரு. அவளுக்கு ஞாபகம் வந்த பிறகு என்னைப் பார்ப்பாள், அந்தப் பார்வைக்கு நான் அங்கேயே இருப்பேன், எங்கேயும் போகமாட்டேன். நீ கேட்கவேண்டியது இவ்வளவுதான்:

"எரியிற ஸ்டவ்வுக்கு எதுக்கும்மா குச்சி கிழிச்ச?"

அப்பா